பவளப்பாறையில் எத்தனை இனம் என்று எழுதும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சித்திரை, வைகாசியில் கடல்நீர் சூடேறினால் மன்னார் வளைகுடாப் பவளப்பாறைகள் வெளுத்துவிட்டன என்ற செய்தி நாளிதழ்களில் வருகிறது. வருவது நல்லதே. அந்தச் செய்திகளில் பெரும்பாலும் ஒரு வரி இருக்கும்: "இங்கே 117 வகைப் பவளங்கள் உள்ளன." வேறொரு செய்தியில் எண் வேறாக இருக்கும். எண் கூடியிருந்தால் கடல் தேறிவிட்டது என்றும், குறைந்திருந்தால் இனங்கள் அழிந்துவிட்டன என்றும் வாசகர் எடுத்துக்கொள்வார். இரண்டு முடிவுமே தவறாக இருக்கலாம். பவளத்துக்குப் பெயர் வைப்பது எப்படி நடக்கிறது, எங்கே பிசகுகிறது என்று தெரிந்தால்தான் அந்த எண்ணை எப்படிப் படிப்பது என்பது விளங்கும். அதற்காகவே இதை எழுதுகிறோம். கடிதம் சற்று நீளம், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

முதல் குழப்பம் பவளம் என்ற சொல்லிலேயே இருக்கிறது. மோதிரத்தில் பதிக்கும் நவரத்தினப் பவளம் பாறை கட்டும் பவளம் அல்ல. அது கொராலியம் என்ற பேரினம், அதாவது நெருங்கிய உறவுள்ள இனங்களின் தொகுதி. பெயர்பெற்ற சிவப்புப் பவளம் மத்தியதரைக் கடலில் கிடைப்பது. அதன் ஒவ்வொரு சிற்றுயிரிக்கும் எட்டு உணர்கைகள். நம் கடற்கரையில் முருகைக்கல் என்று சொல்லும் பாறையைக் கட்டுபவை வேறு வரிசையைச் சேர்ந்தவை. அவற்றின் உணர்கைகளும் உள்தகடுகளும் ஆறு ஆறாக, ஆறின் மடங்காக அமையும். இவற்றோடு நெருப்புப் பவளம் என்னும் மில்லிபோரா ஒன்று உண்டு. தொட்டால் தோல் எரியும். பாறை போலவே இருந்தாலும் அது ஹைட்ராவுக்கு உறவு. ஹீலியோபோரா என்ற நீலப் பவளத்தை உடைத்தால் உள்ளே கல்லே நீலமாக இருக்கும். அதுவும் பாறை கட்டுகிறது, ஆனால் எட்டு உணர்கைக் கூட்டத்தைச் சேர்ந்தது. பாறை கட்டும் பவளங்களோடு நெருப்புப் பவளம், கருப்புப் பவளம், குழல் பவளம், கடல் விசிறி ஆகியவையும் 2001இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. ஆகவே சட்டப் பாதுகாப்பைப் பொறுத்தவரை இந்த வேறுபாட்டால் சிக்கல் பெரிதாக இல்லை. பட்டியல் போடும்போதுதான் சிக்கல். இவற்றைச் சேர்த்து எண்ணினார்களா, விட்டுவிட்டு எண்ணினார்களா என்பதைப் பொறுத்தே மொத்தம் மாறிவிடும்.

அடுத்தது நிறம். கடலுக்குள் எடுத்த படத்தைக் காட்டி "இந்தப் பச்சைப் பவளம் என்ன இனம்?" என்று கேட்பவர்கள் ஏராளம். நிறத்தை வைத்துச் சொல்ல முடியாது. பவளத்தின் பழுப்பும் மஞ்சளும் பெரும்பாலும் அதன் தசைக்குள் குடியிருக்கும் நுண்பாசிகளால் வருகின்றன. ஊதாவும் ஒளிரும் பச்சையும் பவளமே உண்டாக்கும் புரதங்களால் வருகின்றன. வெளிச்சத்துக்கு ஏற்ப இரண்டும் கூடும், குறையும். சிற்றுயிரிகள் பல சேர்ந்து வாழும் ஒரே காலனியில் வெயில் விழும் மேற்புறம் ஒரு நிறமாகவும் நிழல் படும் அடிப்புறம் வேறு நிறமாகவும் இருப்பது சாதாரணம். நீர் அளவுக்கு மீறிச் சூடானால் பாசிகள் வெளியேறிவிடும். அப்போது கண்ணாடி போன்ற தசையின் வழியே அடியிலுள்ள சுண்ணாம்பு தெரிவதைத்தான் வெளுப்பு என்கிறோம். நிறத்தை நம்பிப் பழகியவருக்கு அந்த நாட்களில் எல்லாப் பவளமும் ஒன்றாகவே தெரியும். வெளுத்ததைச் செத்தது என்று எழுதுவதும் தவறு. வெளுத்த பவளத்தில் தசை இருக்கிறது. நீர் குளிர்ந்தால் பாசி மீண்டும் பெருகக்கூடும். செத்த பவளத்தில் தசை இராது, விரைவிலேயே இழைப்பாசி படர்ந்துவிடும்.

நிறம்தான் உதவாது, வடிவம் உதவுமே என்று தோன்றும். மான்கொம்பு, மூளை, மேசை, காளான் என்று வழங்கும் பெயர்களெல்லாம் வடிவத்தை வைத்து வந்தவைதாம். ஆனால் பவளம் நட்ட இடத்தை விட்டு நகராத உயிர். அது தன் உடலை இடத்துக்குத் தக்கபடி வளைத்துக்கொள்கிறது. டர்பினேரியா என்னும் பவளப் பேரினத்தில் ஓர் இனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வெளிச்சம் மிகுந்த ஆழமற்ற இடத்தில் அது முட்டைக்கோஸ் இலைபோல மடிப்பு மடிப்பாக எழும்பும். அதே இனம் வெளிச்சம் குறைந்த ஆழத்தில் தட்டுப்போல விரிந்து படுத்துவிடும், கிடைக்கும் ஒளியை முழுப் பரப்பிலும் வாங்கிக்கொள்ள. போசில்லோபோரா என்னும் கிளைப் பவளம் அலை அடிக்கும் முகப்பில் குட்டையாக, தடித்த கிளைகளோடு நிற்கும். அமைதியான குடாவில் அதன் கிளைகள் மெலிந்து நீளும். பழைய ஆய்வாளர்கள் இத்தகைய இரு உருவங்களுக்கு இரண்டு பெயர் வைத்ததும் உண்டு. உண்மையிலேயே வேறான இரண்டு இனங்களை ஒரே இனத்தின் இட வேறுபாடு என்று ஒன்றாகச் சேர்த்ததும் உண்டு. போசில்லோபோரா டாமிகார்னிஸ் என்று உலகமெங்கும் பதிவானவற்றில் ஒரு பகுதி போசில்லோபோரா அக்யூட்டா என்ற தனி இனம் என்பது கடந்த சுமார் பத்து ஆண்டுகளில்தான் மரபணு ஆய்வால் உறுதியானது. நம் பக்கத்துப் பழைய பதிவுகளையும் அந்தக் கண்ணோடு மறுபடி பார்க்க வேண்டும்.

மன்னார் வளைகுடாவில் இன்னொரு தொல்லையும் உண்டு. மண்டபத்திலிருந்து தூத்துக்குடி வரை நிற்கும் 21 தீவுகளைச் சுற்றியுள்ள பாறைகள் பெரும்பாலும் சில மீட்டர் ஆழத்தில் இருப்பவை. காற்று எழுந்தால் மணலும் சேறும் கலங்கி மேலே படியும். படிந்த இடத்தில் தசை சாகும், பக்கத்துத் தசை மீண்டும் வளர்ந்து மூடும். மீன் கடித்த தழும்பு, துளையிடும் சிப்பி, குழாய்ப் புழு எல்லாம் சேர்ந்து காலனியின் உருவத்தைக் கலைத்துவிடும். உடைந்த துண்டு மணலில் கிடந்தபடியே கிளைவிட்டு வளரும். காரியசல்லி, விலங்குசல்லி, புழுவினிசல்லி என்று தீவுப் பெயர்களிலேயே இருக்கும் சல்லி இத்தகைய உடைந்த துண்டுகளை நினைவூட்டும் சொல். பாடநூல் படத்தில் உள்ளதுபோல ஒழுங்கான காலனியை எதிர்பார்த்து இறங்குபவர் இங்கே முதல் நாளே திகைத்துப் போவார்.

அப்படியானால் எதைப் பார்ப்பது? கிண்ணத்தைப் பார்க்க வேண்டும். பவளக் காலனி என்பது நூற்றுக்கணக்கான, ஆயிரக்கணக்கான சிற்றுயிரிகள் சேர்ந்து கட்டிய ஒரே வீடு. ஒவ்வொரு உயிரியும் தனக்கென்று சுண்ணாம்பால் ஒரு கிண்ணம் கட்டுகிறது. காரலைட் என்பது அதுதான். கிண்ணத்துக்குள் சக்கரத்தின் ஆரங்கள் போல நிற்கும் மெல்லிய தகடுகள் செப்டா. நடுவில் தண்டு போல எழுவது காலுமெல்லா. கிண்ணங்களுக்கு இடையே உள்ள நிரப்புச் சுண்ணாம்புக்கும் தனிப் பெயர் உண்டு. பெயர் நிற்பது இவற்றின் மேல்தான்.

பேரினம் வரை கண்டுபிடிக்க இவை பெரும்பாலும் போதும். கிளையின் நுனியில் ஒற்றைக் கிண்ணம் மட்டும் தனியாக, பெரிதாக நின்று, பக்கவாட்டில் சிறு கிண்ணங்கள் சூழ்ந்திருந்தால் அது அக்ரோபோரா. நுனிக் கிண்ணம்தான் கிளையை நீட்டிக்கொண்டு போகிறது. அதன் குடும்பத்திலேயே உள்ள மாண்டிபோராவுக்கு நுனிக் கிண்ணம் கிடையாது. அதன் கிண்ணங்கள் ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு மிகச் சிறியவை, நடுத்தண்டும் இல்லை. பல இனங்களில் கிண்ணங்களுக்கு இடையே மணல் தூவியதுபோலப் புடைப்புகள் எழும்பியிருக்கும். தட்டுத் தட்டாக வளர்ந்த மாண்டிபோராவைக் கடலுக்குள் டர்பினேரியா என்று எழுதிவிடுவார்கள். டர்பினேரியாவின் கிண்ணம் வட்டமாக, வெறும் கண்ணுக்கே தெரியும் அளவுக்குக் குழாய்போல மேலெழுந்து நிற்கும். கையிலுள்ள லென்ஸை எடுத்தாலே இந்தத் தவறு நேராது.

போரைட்டிஸ் மன்னாரில் மிகுதி, பெரிய உருண்டைப் பாறைகள் பலவும் அதுதான். கிண்ணம் ஒன்று முதல் ஒன்றரை மில்லிமீட்டர், நெருக்கமாக, குழி ஆழமின்றி, தேன்கூட்டின் சிறு வடிவம்போல இருக்கும். அதன் உறவான கோனியோபோராவின் உயிரிகள் பகலிலேயே நீளமாக வெளியே வந்து பூப்போல ஆடும். ஒவ்வொன்றுக்கும் 24 உணர்கைகள். அதே தோற்றமுள்ள ஆல்வியோபோராவுக்கு 12. தெளிவான படம் ஒன்று இருந்தால் எண்ணிப் பார்த்தே பிரித்துவிடலாம். இவ்வளவு எளிதாகப் பிரிபவை குறைவு என்பதால்தான் இதைக் குறிப்பிடுகிறோம்.

அதிகம் பிசகுவது உருண்டைப் பவளங்களின் கூட்டத்தில். ஃபேவைட்டிஸில் பக்கத்துப் பக்கத்துக் கிண்ணங்கள் ஒரே சுவரைப் பங்கிட்டுக்கொள்ளும், அடுக்குமாடி வீட்டுச் சுவர்போல. டிப்சாஸ்ட்ரேயாவில் ஒவ்வொரு கிண்ணத்துக்கும் சொந்தச் சுவர் உண்டு. இரண்டு சுவர்களுக்கும் இடையே ஒரு பள்ளம் ஓடும். அந்தப் பள்ளத்தைத் தேட வேண்டும். நெருக்கி வளர்ந்த இடத்தில் பள்ளம் ஒரு கோடாகக் குறுகிவிடும், அதைத் தவறவிட்டால் பேரினமே மாறிப்போகும். கோனியாஸ்ட்ரேயாவிலும் சுவர் பொதுவானதுதான். ஆனால் ஒவ்வொரு செப்டாவின் உள்முனையிலும் ஒரு சிறு மேடு எழுந்து, நடுத்தண்டைச் சுற்றிக் கிரீடம்போல ஒழுங்காக நிற்கும். அந்தக் கிரீடம் இல்லாமல், கிண்ணங்கள் ஒன்றோடொன்று திறந்து நீண்ட வளைந்த வாய்க்கால்களாக ஓடினால் பிளாட்டிகைரா. ஊரில் மூளைப் பவளம் என்று சொல்வதில் பெரும்பகுதி இதுதான். இதிலும் ஒரு சிக்கல்: பிளாட்டிகைராவின் ஒரே காலனியில் ஓரிடத்தில் நீண்ட வாய்க்காலும் இன்னோரிடத்தில் தனித்தனிக் கிண்ணமும் இருக்கும். தனிக்கிண்ணம் உள்ள மூலையை மட்டும் படம் பிடித்து அனுப்பினால் எந்த நிபுணரும் ஃபேவைட்டிஸ் என்று சொல்லக்கூடும். ஹிட்னோபோராவில் குழிக்குப் பதிலாகக் கூம்பு கூம்பாக மேடுகள் இருக்கும், அதைத் தவறவிடுபவர் குறைவு.

பேரினம் வரை வந்தாயிற்று. இனம் என்று வரும்போதுதான் உண்மையான கடினம். போரைட்டிஸின் இனங்களைப் பிரிப்பது ஒன்றரை மில்லிமீட்டர் கிண்ணத்துக்குள் இருக்கும் 12 செப்டாக்களின் அமைப்பு: எது எதோடு சேர்கிறது, கீழ்ப்புறத்து மூன்றும் இணைந்திருக்கின்றனவா தனித்து நிற்கின்றனவா, உள்முனை மேடுகள் எத்தனை. நுண்ணோக்கி இல்லாமல் இதைப் பார்க்க வழியே இல்லை. ஆகவே தண்ணீருக்குள் எழுதுபலகையில் போரைட்டிஸ் லூட்டியா என்று எழுதிக்கொண்டு மேலே வருவதைப் பதிவு என்று ஏற்க முடியாது. அது ஊகம். அக்ரோபோராவுக்கு நுனிக் கிண்ணத்தின் வெளிவிட்டம், பக்கக் கிண்ணத்தின் வாய் வடிவம், அது கிளையோடு செய்யும் கோணம் ஆகியவை வேண்டும். இவையும் கிளையின் நுனியில் ஒருவிதமாக, அடியில் ஒருவிதமாக இருக்கும். ஒரு கிண்ணத்தை அளந்து பெயர் வைக்கக் கூடாது. காலனியின் நடுப்பகுதியில் குறைந்தது பத்துக் கிண்ணங்களையாவது வெர்னியர் அளவுகோலால் அளந்து, சிறியது, பெரியது, சராசரி மூன்றையும் எழுத வேண்டும். ஓரத்துக் கிண்ணங்கள் இளையவை, அவை எப்போதும் சிறுத்திருக்கும்.

இனி பெயரின் வரலாறு. பவளப் பெயர்களில் பெரும்பகுதி 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய அருங்காட்சியகங்களில் வைக்கப்பட்டவை. கப்பல்களில் வந்த சில காய்ந்த துண்டுகளே ஆதாரம். உயிரோடு அது எந்த ஆழத்தில் நின்றது, எப்படி வளர்ந்தது என்று பெயர் வைத்தவர் பெரும்பாலும் பார்த்ததில்லை. ஒரு பெயர் எந்தத் துண்டுக்கு வைக்கப்பட்டதோ அதுவே அந்தப் பெயருக்கு மூலப் படிவம். இன்றும் சந்தேகம் வந்தால் அதனோடுதான் ஒப்பிட வேண்டும். அக்ரோபோரா டெனுயிஸ் என்ற பெயரை 1846இல் டானா என்ற ஆய்வாளர் வைத்தார், மூலப் படிவம் ஃபிஜியைச் சேர்ந்தது. ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டில் அதே பெயரில் எத்தனையோ ஆய்வுகள் நடந்தன. 2023இல் மூலப் படிவம், புதிய மாதிரிகள், மரபணு மூன்றையும் வைத்துப் பார்த்தபோது அங்கே இருப்பது டெனுயிஸ் அல்ல என்று தெரிந்தது. 1892இல் ப்ரூக் வைத்து, பிறகு வழக்கொழிந்த அக்ரோபோரா கென்டி என்ற பெயர்தான் அதற்குரியது. உலகிலேயே மிகுதியாக ஆராயப்பட்ட பாறைகளில் ஒன்றிலேயே நிலைமை இப்படி என்றால் மற்ற இடங்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

குடும்ப அளவிலும் பெயர்ச்சி நடந்திருக்கிறது. ஃபேவியா என்ற பேரினம் அட்லாண்டிக்கிலும் இந்தோ-பசிபிக்கிலும் இருப்பதாக நெடுங்காலம் கருதினார்கள். இரண்டும் உருவத்தில் ஒத்திருந்தாலும் வம்சாவளியில் வெகு தூரம் என்று 2004இல் வெளிவந்த மரபணு ஆய்வு காட்டியது. 2012இல் குடும்பங்களைத் திருத்தி அமைத்தார்கள். ஃபேவியா என்ற பெயர் அட்லாண்டிக்கோடு நின்றுவிட்டது, நம் கடலில் இருப்பது டிப்சாஸ்ட்ரேயா ஆயிற்று. பழைய மன்னார்ப் பட்டியலில் ஃபேவியா பேவஸ் இருக்கும், புதிய பட்டியலில் இராது. அது அழியவில்லை, டிப்சாஸ்ட்ரேயா பேவஸ் என்ற பெயரில் அதே இடத்தில் இருக்கிறது.

இதை மனதில் வைத்து எண்களைப் பாருங்கள். மண்டபத்தில் இருந்து இந்தியப் பவளங்களை ஆராய்ந்த சி. எஸ். கோபிநாத பிள்ளை மன்னார் வளைகுடாவுக்கு 37 பேரினங்களில் 94 இனங்களைப் பதிவு செய்தார். தூத்துக்குடி ஆய்வாளர்கள் 2007இல் வெளியிட்ட பட்டியலில் 40 பேரினங்களில் 117 இனங்கள். 117இலிருந்து 94ஐக் கழித்து 23 புதிய இனங்கள் வந்துவிட்டன என்று சொல்ல முடியாது. இடையில் காற்று உருளையோடு முக்குளிக்கும் ஸ்கூபா வந்தது, போக முடியாத இடங்களுக்கு ஆட்கள் போனார்கள், பெயர்கள் பிரிந்தன, சில ஒன்று சேர்ந்தன. பிள்ளையின் உழைப்பும் பின்னால் வந்தவர்களின் உழைப்பும் மதிப்புக்குரியவை. இரண்டு பட்டியலையும் ஒப்பிட வேண்டுமானால் முதலில் பழைய பெயர் ஒவ்வொன்றையும் இன்றைய பெயராக மாற்ற வேண்டும், பிறகு அந்தந்தப் பெயருக்கு அடிப்படையான படிவத்தை, அதாவது பாதுகாத்து வைத்த பவளத்தின் சுண்ணாம்பு எலும்புக்கூட்டை, எடுத்துப் பார்க்க வேண்டும். படிவம் பாதுகாக்கப்பட்ட பெயருக்கு இது முடியும். வெறும் பட்டியலாக மட்டும் உள்ள பெயருக்கு முடியவே முடியாது. எங்களுக்கு உள்ள பெரிய கவலை இதுதான்: படிவம் வைக்காமல் வெளியிடும் ஒவ்வொரு பெயரும் பிற்காலத்தில் சரிபார்க்க வழியற்றதாகிவிடுகிறது.

மரபணுவைப் பார்த்தால் தீர்ந்துவிடாதா என்று படித்தவர்களே கேட்கிறார்கள். மீன், பறவை போன்றவற்றில் மைட்டோகாண்ட்ரியாவின் சிஓஐ என்ற மரபணுத் துண்டை வாசித்தே பெரும்பாலும் இனத்தைச் சொல்லிவிடலாம். பவளத்தில் அந்தத் துண்டு மிக மிக மெதுவாக மாறுகிறது. தெளிவாக வேறான இரண்டு இனங்களிலும் அது ஒரே மாதிரி இருக்கும். பவளத் தசைக்குள் பாசிகள் நெருங்கிக் குடியிருப்பதால் பிரித்தெடுக்கும் மரபணுவில் பாசியுடையதும் கலந்தே வரும். கவனமில்லாமல் செய்தால் பாசியின் வரிசையைப் பவளத்தினுடையது என்று பதிந்துவிடும் ஆபத்து உண்டு. கலப்பினங்களும் இருக்கின்றன. பல அக்ரோபோரா இனங்கள் ஒரே இரவில் முட்டையையும் விந்தையும் நீரில் விடுகின்றன. கரீபியனின் அக்ரோபோரா ப்ரொலிஃபெரா தனி இனமே அல்ல, அங்குள்ள மான்கொம்புப் பவளமும் எல்க்ஹார்ன் பவளமும் கலந்து பிறந்தது என்று 2002இல் உறுதியானது. எனவே இப்போது ஒரு துண்டை நம்பாமல் உயிரணுவின் உட்கருவிலுள்ள மரபணுத் தொகுதியிலிருந்து நூற்றுக்கணக்கான, ஆயிரக்கணக்கான இடங்களை ஒருசேர வாசிக்கிறார்கள். இதில் பலன் கிடைக்கிறது, செலவும் மிகுதி. அப்படி வாசித்தாலும் கிடைப்பது "இது அதிலிருந்து வேறு" என்ற பதில்தான். அதற்கு எந்தப் பெயர் உரியது என்பதற்கு மறுபடியும் அருங்காட்சியகத்து எலும்புக்கூட்டிடம்தான் போக வேண்டும்.

பெயர் எதுவானால் என்ன, பாறை பிழைத்தால் போதாதா என்று கேட்கலாம். பெயர் தவறினால் பாறையைக் காப்பதிலும் தவறு வரும். கரீபியனில் மாண்டாஸ்ட்ரேயா அனுலாரிஸ் என்ற ஒரே பெயரில் இருந்தது மூன்று இனங்கள் என்று 1992இல் காட்டினார்கள். இப்போது அவை ஆர்பிசெல்லா என்ற பேரினத்தில் உள்ளன. அவற்றின் வளர்ச்சி வேகம் வேறு வேறு. அந்தப் பவளத்தின் ஆண்டு வளையங்களை வைத்துத்தான் பழங்காலக் கடல் வெப்பத்தைக் கணக்கிட்டு வந்தார்கள். மூன்றையும் ஒன்றாகக் கலந்தால் கணக்கு எங்கே நிற்கும்? நம்மூரில் கிளைகளை நட்டுப் பாறையை மீட்கும் பணி நடக்கிறது. அக்ரோபோராவும் மாண்டிபோராவும் போசில்லோபோராவும் வெப்பத்துக்குச் சீக்கிரம் வெளுப்பவை. உருண்டை போரைட்டிஸ் தாங்கிக்கொள்ளும். "500 துண்டு நட்டோம், 350 பிழைத்தன" என்று ஓர் அறிக்கை சொன்னால், எந்தப் பேரினம் எத்தனை என்று தெரியாதவரை அதிலிருந்து அடுத்த ஆண்டுக்கு எதையும் கற்றுக்கொள்ள முடியாது.

உலக அளவிலும் இதே சங்கடம். 2008இல் 845 பவள இனங்களை மதிப்பிட்டபோது 704க்குத்தான் நிலை சொல்ல முடிந்தது. மீதி 141க்குத் தகவல் போதவில்லை. நிலை சொல்ல முடிந்தவற்றில் மூன்றில் ஒரு பங்கு அழியும் ஆபத்தில் இருந்தன. 2024இன் மறுமதிப்பீட்டில் 892 இனங்களில் 44 விழுக்காடு ஆபத்தில். அந்த 44 விழுக்காட்டை நாங்கள் முழு மனதோடு அச்சத்துடன் பார்க்கிறோம். அதே வேளையில், பிரிக்கப்படாத ஒரு பெயருக்குள் ஒளிந்திருக்கும் சிறு இனம் எந்தப் பட்டியலிலும் ஏறாமலே போய்விடும் என்பதும் தெரிகிறது. பன்னாட்டு வணிக உடன்படிக்கையான சைட்டீஸ், பவளங்கள் பலவற்றுக்குப் பேரினப் பெயர் போதும் என்று ஏற்றுக்கொள்கிறது. இனம் சொல்வது எவ்வளவு கடினம் என்பதற்கு அதுவே சான்று.

மாதிரி எடுக்கும் முறையையும் சொல்லிவிடுகிறோம், கடல்சார் படிப்பு படிக்கும் மாணவர்களுக்குப் பயன்படும். மன்னார் வளைகுடாத் தேசியப் பூங்காவில் வனத்துறை அனுமதி இல்லாமல் ஒரு துண்டும் எடுக்கக் கூடாது. முதல் அட்டவணை உயிர் என்பதால் மத்திய அரசின் ஒப்புதலும் தேவைப்படும். அனுமதி கிடைத்தபின் முதலில் படம்: முழுக் காலனி அளவுகோலோடு மேலிருந்தும் பக்கத்திலிருந்தும், பிறகு ஒரு முழம் தூரத்தில், பிறகு மில்லிமீட்டர் கோடு தெரியக் கிண்ணங்கள். நாள், தீவு, ஆழம், ஜிபிஎஸ் இருப்பிடம் நான்கையும் அங்கேயே எழுத வேண்டும். அதன்பின் உளியால் காலனியின் நடுவிலிருந்து 5 முதல் 10 சென்டிமீட்டர் துண்டு. அக்ரோபோராவானால் நுனியும் அடியும் சேர்ந்த ஒரு முழுக் கிளை. அதிலிருந்து கட்டைவிரல் நகமளவு உடைத்து 95 விழுக்காட்டு எத்தனாலில் போட வேண்டும். துண்டைப்போல ஐந்து மடங்காவது எத்தனால் இருக்க வேண்டும், மறுநாள் அதை ஊற்றிவிட்டுப் புதிதாக நிரப்ப வேண்டும். தசையிலுள்ள நீர் அதை நீர்க்கச் செய்துவிடும் என்பதே காரணம். ஃபார்மலின் வேண்டாம். அது மரபணுவைக் கெடுக்கும், அதன் அமிலத்தன்மை சுண்ணாம்பையும் அரிக்கும்.

மீதித் துண்டைத் துணி வெளுக்கும் சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலில் ஒன்று அல்லது இரண்டு நாள் ஊறவைக்க வேண்டும். தசை தடித்த இனங்களுக்குக் கரைசலை ஒருமுறை மாற்ற வேண்டியிருக்கும். சீக்கிரம் முடிய வேண்டும் என்று கழிவறை கழுவும் அமிலத்தைச் சிலர் ஊற்றுகிறார்கள். செப்டா கரைந்து மாதிரியே வீணாகும். இரண்டையும் கலந்தாலோ குளோரின் வாயு கிளம்பும், மூச்சுக்கு ஆபத்து. ஊறியபின் நல்ல தண்ணீரில் பலமுறை அலசி ஊறப்போட்டால்தான் உப்பு போகும். இல்லாவிட்டால் காய்ந்ததும் கிண்ணத்துக்குள் உப்புப் படிகம் நிறைந்து எதுவும் தெரியாது. வெயிலில் உலர்த்த வேண்டும். பேனா மை இந்தக் கரைசலில் அழிந்துவிடும், நீர் புகாத தாளில் பென்சிலால் எழுத வேண்டும். படம், எத்தனால் குப்பி, எலும்புக்கூடு மூன்றுக்கும் ஒரே எண். மூன்றில் ஒன்றுக்கு எண் தவறினால் மற்ற இரண்டும் பயனற்றுப் போகும். வேலை முடிந்ததும் மாதிரியைத் துறை அலமாரியில் விட்டுவிடாமல், இந்திய விலங்கியல் ஆய்வு மையம் போன்ற பொது நிறுவனத்தின் சேகரத்தில் ஒப்படைத்து, அங்கே கொடுக்கும் பதிவு எண்ணைக் கட்டுரையில் எழுத வேண்டும்.

வெளுப்பு வந்த வாரத்தில் இவ்வளவும் செய்ய நேரம் இராது. அப்போது 20 மீட்டர் நாடாவைப் பாறைமேல் விரித்து, நாடாவின் கீழே எத்தனை சென்டிமீட்டருக்கு என்ன இருக்கிறது என்று வளர்ச்சி வடிவத்தையும் பேரினத்தையும் மட்டும் குறித்தால் போதும். இனம் எதுவென்று தெரியவில்லை என்பதைக் காட்டப் பேரினத்துக்குப் பின் 'எஸ்பி.' என்று போடுவது குறைபாடு அல்ல, நேர்மை. உறுதியில்லாத இனப்பெயருக்கு முன் 'சிஎஃப்.' என்று போட்டால் "ஒப்பிட வேண்டியது" என்று பொருள். ஆய்வறிக்கையில் உள்ள இந்தச் சிறு குறிகளைச் செய்தியாக மாற்றும்போது நீக்கிவிடுகிறார்கள், ஊகம் உறுதியாகிவிடுகிறது.

ஆசிரியர் அவர்களிடம் எங்கள் வேண்டுகோள் இவைதாம். எண் ஒன்று வரும்போது, அது இனமா பேரினமா, எந்த ஆண்டுப் பட்டியல், படிவம் எங்கே இருக்கிறது என்று செய்தியாளர் கேட்டுவிட்டு அச்சிட வேண்டும். பதில் இல்லையென்றால் எண்ணை விட்டுவிட்டு, பாறைப் பரப்பில் எத்தனை விழுக்காடு உயிருள்ள பவளம் என்பதை எழுதலாம். அதைப் பெயரில் பிழை வந்தாலும் ஒப்பிட முடியும். படத்திலும் கவனம் வேண்டும். எல்க்ஹார்ன் பவளம் கரீபியனைச் சுற்றிய அட்லாண்டிக்கில் மட்டும் வாழ்வது. அதன் படத்தை மன்னார்ச் செய்தியோடு போட்டால் மாணவர்கள் அதைத் தேடிக் கடலில் இறங்குவார்கள். மண்டபம், கீழக்கரை, வேம்பார், தூத்துக்குடி என்று எந்தத் தீவுக் கூட்டத்தில் எடுத்த படமோ அதன் பெயரும் ஆழமும் நாளும் பேரினமும் படத்தின் கீழே ஒரு வரியில் இருந்தால், பத்தாண்டு கழித்து அதே இடத்தில் முக்குளிப்பவருக்கு உங்கள் நாளிதழின் அந்தப் பக்கம் ஒரு பதிவாக உதவும்.

இப்படிக்கு,
பவளப்பாறை அளவைப் பணியில் உள்ளோர் சிலர்,
தூத்துக்குடி.